கொடியில் காய்ந்த பை

என் வேலை இன்னதென்று ஊரில் ஒருவருக்காவது விளங்கச் சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. இப்போதெல்லாம் முயல்வதும் இல்லை, அலுத்துவிட்டது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருக்கோ வைத்தியம் நடக்கிறது. செய்த டாக்டர் அதை அறிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதை நான் படித்து, இந்த வைத்தியத்துக்கு இந்த எண் என்று போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே பில் ஓடும். இதை சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் மாடி ரூமில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்ப டாக்டர் வேலைதான்னு சொல்லுங்க" என்று முடித்து, கையோடு கொண்டுவந்த ஸ்கேன் கவரை நீட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் பிகு பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விருதுநகரில் மைக்ரோபயாலஜி படித்தேன். மதுரையில் ஒரு சென்டரில் இந்த எண் போடுகிற மெடிக்கல் கோடிங் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பஸ்ஸில் போய்வந்து இடுப்பு போனதுதான் மிச்சம். பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். கீழ்வீட்டில் அண்ணனும் மதினியும். மாடியில் நானும் என் லேப்டாப்பும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு எண் போட்டு மூடிவிட முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உடம்புக்குள் ஊசி செலுத்தும் வைத்தியங்கள்தான் என் பங்கு. அதிலும் என்னிடம் அதிகம் வருவது, தோலுக்கு அடியில், சதைக்குள், நீரோ சீழோ பழைய ரத்தமோ கட்டிக்கொள்வதை வடிக்கிற கேஸ்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊசியை விட்டு உறிஞ்சிவிட்டு ஊசியை எடுத்துவிட்டால் அதற்கு ஓர் எண், ஸ்கேன் பார்த்ததற்குத் தனியாக இன்னோர் எண். ஊசி போன வழியிலேயே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுனியைச் சுருட்டி உள்ளே நிறுத்தி, வெளியே பையை மாட்டிவிட்டு வந்தால் அது வேறு எண், பத்தாயிரத்து முப்பது. அதற்குள் ஸ்கேனும் அடக்கம். தெரியாமல் ஸ்கேனைத் தனியாகப் போட்டால் ஆடிட்டில் தலையில் குட்டு விழும். எனக்கும் விழுந்திருக்கிறது. டாக்டர்கள் இரண்டையும் ஒரே மாதிரி "வடித்தோம்" என்றுதான் சொல்வார்கள். கடைசி வரி வரைக்கும் படித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபோது உள்ளே எதையாவது விட்டுவிட்டு வந்தார்களா?

அறிக்கையில் எழுதாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் தொழிலின் சட்டம். டாக்டர் குழாய் வைத்திருப்பார் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சொல்லாவிட்டால் வைக்கவில்லை. இப்படி ஊர்பேர் தெரியாதவர்களின் தொடையையும் முதுகையும் வயிற்றுத் தோலையும் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறேன். ஒரு குழாயைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவள் மதினி.

மதினி பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தாள். வெடிமருந்தை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. செருப்பு கூடாது, கொலுசு கூடாது, உரசினால் கரண்டு பிறக்கிற நைலான் சேலை, பிளாஸ்டிக் எதுவும் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் இருப்பது. மதினியின் ரூமில் கூடுதலாக ஒன்று உண்டு. தகட்டைத் தொடுவதற்கு முன்னால் நாலு பேரும் எதிரெதிரே நின்று கையை நீட்டுவார்கள், உள்ளங்கை தரையைப் பார்க்க. மற்ற மூன்று பேரும் அந்த விரல்களைப் பார்ப்பார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் கை, காய்ச்சலோடு வந்தவள் கை, தூங்காத கை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். நடுங்கினால் அன்றைக்கு அவளுக்கு வெளியே பேப்பர் சுற்றுகிற வேலை. போர்மேன் சொல்லி வந்த பழக்கம் இல்லை இது, அந்த நாலு பேரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி ஆரம்பித்து வைத்தாளாம். மதினி அதைச் சொல்லும்போது அப்படி ஒரு பெருமை முகத்தில்.

சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில், மழை பெய்த ஈரத்தில், ரூம் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். கல்லின் விளிம்பு தொடையில் குத்தியது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே ரத்தம் கட்டி, நாளாக நாளாக நீராகி, சேலைக்கு மேலேயே தெரிகிற அளவுக்கு வீங்கிவிட்டது. அண்ணன் லாரியில் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். சீசனில் அவன் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி. பிள்ளை ஹாஸ்டலில். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அலைகிற வேலை என் தலையில் விழுந்தது. நான்தான் பாதி டாக்டர் ஆயிற்றே.

சிவகாசியில் ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சினார்கள். வற்றியது, பிறகு நிறைந்தது. மறுபடியும் உறிஞ்சினார்கள், மறுபடியும் நிறைந்தது. அப்புறம் விருதுநகரில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, டியூப் வைத்துவிட்டால் மெல்ல மெல்ல வடிந்து குழி ஒட்டிக்கொள்ளும், அதுவரைக்கும் வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளே ஒரு அற்ப சந்தோஷம். பத்தாயிரத்து முப்பது!

மதினி மாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

"பைய மாட்டிக்கிட்டு நான் எங்குட்டுப் போக?"

"எங்குட்டும் போக வேணாம் மதினி. வீட்ல இருங்க."

"சீசன்ல வீட்ல இருந்தா என் எடத்துல வேற ஆளு உக்காந்துரும்."

"உக்காரட்டுமே. உங்களுக்குக் காலு முக்கியமா, எடம் முக்கியமா?"

"உனக்கென்ன புள்ள, நீ தனியா உக்காந்து தட்டுற. அங்கன நாங்க நாலு பேரு." தொடையைத் தடவிக்கொண்டாள். "பழகாத கை ஒண்ணு உள்ள வந்து, அவசரத்துல மருந்த உரசிட்டான்னு வையி. சாத்தூர்ப் பக்கம் ஒரு ரூம் வெடிச்சுப் போச்சுல்ல, அதுவும் புதுக்கைதான்னு சொன்னாக."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மாதிரி எத்தனையோ பேருடைய கேஸைப் படித்திருக்கிறேன், குழாய் வைத்தவர்களுக்கு நன்றாக வற்றியிருக்கிறது, ஊசியே குத்திக்கொண்டிருந்தால் நீங்கள் சீசன் முடிகிறவரைக்கும் வேலைக்குப் போக முடியாது, குழாய் வைத்தால் சீக்கிரம் போகலாம் என்றேன். கடைசியில் சொன்னதுதான் அவள் காதில் விழுந்தது. சம்மதித்தாள்.

குழாயை நான் பார்த்தேன். படிக்கும்போது பெரிதாக நினைத்திருந்தேன், ஸ்ட்ரா அளவுக்குத்தான் இருந்தது. தொடையில் ஒரு தையல், அதிலிருந்து குழாய், அதன் முனையில் திருகி மாட்டிய பை. டீ பார்சல் வாங்கினால் கட்டிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு பையில் கலங்கலாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மதினி அதைத் துணிப்பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். சிஸ்டர் வந்து, தினமும் எவ்வளவு வடிகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அளப்பது சாயங்காலத்து வேலை. லேப்டாப்பை மூடிவிட்டு இறங்கிப் போனால் மதினி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருப்பாள். முதலில் நிறைய வடிந்தது. பிறகு திடீரென்று குறைந்துவிட்டது. மறுநாள் இன்னும் குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா மதினி, நான் சொன்னேன்ல, வத்திருச்சு" என்றேன். அவள் சிரித்தாள். முகம் மட்டும் வாடியிருந்தது, படுத்தே கிடப்பதால் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பகலில் நீ இறங்கி வந்து டார்கெட்டைக் கெடுத்துக்கொள்ளாதே, நான் கதவைச் சாத்திப் படுத்திருப்பேன், சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் எனக்குக் கீழ்வீடு அமெரிக்காவைவிடத் தூரம்.

அன்றைக்கு நெட் போய்விட்டது. சரி, டீயாவது போடலாம் என்று இறங்கினேன். பின்கட்டில் துணி காயும் கொடியில், என் சுடிதாருக்கும் மதினியின் சேலைக்கும் நடுவே, அந்தப் பை தொங்கியது. நன்றாகக் கழுவி, தலைகீழாக, ஒரு கிளிப் போட்டு மாட்டியிருந்தது. காற்றில் லேசாக ஆடியது.

எனக்கு முதலில் ஒன்றுமே ஓடவில்லை. பை இங்கே என்றால் குழாய் எங்கே? குழாய் எங்கோ இருக்கிறது என்றால் மதினி எங்கே? கதவைத் தட்டினேன். தட்டவே வேண்டியிருக்கவில்லை, வெளியே பூட்டு தொங்கியது.

கம்பெனிக்குப் போன் போட முடியாது, உள்ளே போன் கூடாது. ஸ்கூட்டியை எடுக்கலாம் என்று சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மதினியைக் கைத்தாங்கலாக இறக்கியது அந்த மூத்த அக்கா. மதினியின் உடம்பு கொதித்தது. தொடையைப் பார்த்தேன். குழாயின் முனையை வெள்ளைத் துணியால் அடைத்து, பருத்தி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். துணி நனைந்து நாறியது. இரண்டு மூன்று நாளாகக் காலையில் பையைக் கழற்றிக் கட்டிக்கொண்டு கம்பெனி வேனில் வேலைக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் நான் இறங்கி வருவதற்குள் பையைத் திரும்ப மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறாள். வற்றிவிட்டது என்று நான் குதித்தது எல்லாம் உள்ளே தேங்கி நின்றதால் பையில் குறைந்ததைப் பார்த்துத்தான்.

"எதுக்கு மதினி கழட்டுனீக? போறதுதான் போனீக, பையோடயாவது போயிருக்கலாம்ல?" கோபத்தில் கத்திவிட்டேன்.

"நைலானு மாதிரிதான புள்ள அந்தப் பையி," என்றாள், நான் என்னவோ கூறு இல்லாமல் கேட்டுவிட்ட மாதிரி. "அதோட எப்படி மருந்து ரூமுக்குள்ள போக?"

அக்காதான் மற்றதைச் சொன்னாள். "காலையில கைய நீட்டச் சொன்னோம். நீட்டுனா. வெரலு அஞ்சும் அஞ்சு பக்கம் ஆடுது. ஒண்ணுமில்லக்கா, வெறும் வயித்தோட வந்துட்டேன்னு சொல்றா. வெளிய உக்காருன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரத்துல சரிஞ்சிட்டா." பிறகு மதினியைப் பார்த்து, குரலை உயர்த்தாமலே கேட்டாள். "உள்ள வந்து சரிஞ்சிருந்தா என்னத்தா ஆகியிருக்கும்? எங்க மூணு பேருக்கும் பிள்ள குட்டி இல்லையா?"

மதினி அப்போதுதான் அழுதாள். விழுந்தபோதும் அழவில்லை, ஊசி குத்தும்போதும் அழவில்லை. அந்த மூன்று பேரைக் காப்பாற்றத்தான் போயிருந்தாள். பையை வெளியே நிறுத்தத் தெரிந்தவளுக்குத் தன்னையும் வெளியே நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு அவள் மேல் ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஆட்டோவை விருதுநகருக்கு விடச் சொன்னேன்.

சீழ் பிடித்திருந்தது. பழைய குழாயை மாற்றி, கொஞ்சம் பெரிய குழாய் வைத்தார்கள். மாற்றுவதற்கும் எங்களிடம் ஓர் எண் இருக்கிறது. அதை மனசு தானாக எடுத்துக் கொடுத்தது, கூடவே எனக்கு என் மேல் வெறுப்பும் வந்தது. இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும், அப்புறம் காலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது என்றார் டாக்டர். திட்டவில்லை. அவரும் சோர்ந்து போய்த்தான் இருந்தார், வராந்தாவில் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே மதினியிடம், "ஏம்மா மூடுனீங்க?" என்று கேட்டார்.

"அங்கன நாங்க நாலு பேரு சார்," என்றாள் மதினி.

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். செம்புத் தகடு, நைலான், கையை நீட்டுவது எல்லாம். அவர் தலையாட்டிவிட்டுத் தட்டினார். திரையை எட்டிப் பார்த்தேன், படிப்பதுதானே பிழைப்பு. ஆங்கிலத்தில் 'நான்-கம்ப்ளையன்ட்' என்று இருந்தது. சொன்னதைக் கேட்காத நோயாளி. இந்த வார்த்தையை எத்தனை அறிக்கைகளில் தாண்டிப் போயிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எண் போட அது தேவைப்படாது, கண் நிற்காது.

"சார், அப்படி எழுதணுமா? வேலை எடத்துல பைய உள்ள கொண்டு போக முடியாது. அதையும் சேத்து எழுதலாம்ல?"

"அதெல்லாம் எங்க மேடம் எழுதுறது?" என்றார். எரிச்சலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் படித்த எந்த அறிக்கையிலும் அதற்கு இடம் இருந்ததில்லை. எழுதாதது நடக்கவில்லை என்றால், இந்த நாலு பேரும் இருந்ததே இல்லை. அமெரிக்காவில் நான் தாண்டிப் போனவர்களுக்குப் பின்னாலும் யார் யார் இருந்தார்களோ. அதை யோசிக்கப் போனால் டார்கெட் தேறாது. மறுநாளும் உட்கார்ந்து எண் போட்டேன், வேறென்ன செய்ய?

இந்த முறை நான் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் ஓடிவிடக் கூடாது என்று காவல். ஆனால் அவள் அசையவே இல்லை. பையை எடு, அள, ஊற்று, மாட்டு என்று சொன்னதை எல்லாம் செய்தாள். கம்பெனியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவள் இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள் என்று அக்கா வந்து சொன்னபோதும் "ம்" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் சாப்பிடவில்லை.

குழாயை எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் தையலை வெட்டினார், மூச்சை இழுக்கச் சொன்னார், உருவினார், பஞ்சை வைத்து ஒட்டினார்.

"இம்புட்டுத்தானா?" என்று மதினி என்னைக் கேட்டாள்.

"இம்புட்டுத்தான். இதுக்குத் தனியா எண்ணுகூடக் கிடையாது," என்றேன். அது உண்மை. வைத்ததற்கு எண் உண்டு, மாற்றியதற்கு உண்டு. சும்மா உருவியதற்கு ஒன்றும் இல்லை. மதினிக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தவள், "கம்பெனி வழியா விடு" என்றாள். எனக்குப் பகீர் என்றது. "உள்ள போக மாட்டேன், சும்மா பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் நாலு பேரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் மேலுக்குப் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையில், மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி மின்னியது. புதிதாக வந்தவள் சின்னப் பெண், காரியாபட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவளாம். மதினியைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள் போல, பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரு தாயி. சாப்புட்டுக் கையக் கழுவிட்டு வா," என்றாள் மதினி.

கழுவிவிட்டு வந்தாள்.

"கைய நீட்டு."

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா, நீட்டு என்று தலையசைத்தாள். நீட்டினாள். மதினி குனிந்து அந்த விரல்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நடுங்கினால் நன்றாக இருக்கும் என்று என் மனசில் ஒரு மூலை நினைத்தது, மறைப்பானேன். விரல்கள் அசையவே இல்லை.

"நல்ல கை," என்றாள் மதினி. "மத்தியானத்துக்கு மேல வெக்க ஏறும். அப்ப அவசரப்படாத. இவுகள நல்லாப் பாத்துக்க."

"சரிக்கா."

மூத்த அக்கா எழுந்து மதினியின் எதிரே வந்து நின்றாள். "நீ நீட்டு பாப்போம்," என்றாள்.

மதினி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சிரித்தாள். "எனக்கெதுக்குக்கா? நான்தான் உள்ள வரலையே."

ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். பிடித்துக்கொள்வதற்காக, அக்காவிடம் நீட்டாத கைகளில் ஒன்றை என் தோளில் வைத்திருந்தாள். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் விட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மேடு பள்ளம் பார்த்து, வண்டியை மெதுவாக ஓட்டினேன்.